திருகோணமலைக்கு வருகிறீர்களா? திரும்புகிற வண்டியை முதலில் கேளுங்கள்

போன ஆவணியில் சென்னையிலிருந்து என் அக்காவின் மகன் மனைவி பிள்ளைகளோடு வந்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் போன் எடுத்தான். "மாமா, மேப்பில் 250 கிலோமீட்டர் போலத்தான் காட்டுது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடுவோம்." அப்போது காலை பத்து மணி. நான் மறுத்துப் பேசவில்லை. வீட்டில் மட்டும் இரவுக்குப் புட்டு அவிக்கச் சொன்னேன். கொழும்புக்குப் போய், பஸ் மாறி, அவர்கள் வாசலில் வந்து இறங்கியபோது இரவு எட்டரை.

இலங்கை சின்னத் தீவுதான். ஆனால் தூரத்தை இங்கே மணிக்கணக்கில்தான் கேட்க வேண்டும். அதைவிட முக்கியம், எந்த வண்டி எந்த நேரத்தோடு நின்றுவிடும் என்று கேட்பது. திருமலையில் (திருகோணமலையை நாங்கள் அப்படித்தான் சுருக்கிச் சொல்வோம்) பஸ்ஸும் படகும் விடியலில் தொடங்கிப் பொழுது சாயும்போது அடங்கிவிடும். பிறகு ஓட்டோக்காரர் சொல்வதுதான் விலை. வருடாவருடம் விருந்தாளிகளை ஏற்றி இறக்கிப் படித்த பாடத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த வாசலால் வருவது

பெரும்பாலானோர் கட்டுநாயக்கா விமான நிலையத்தால்தான் வருவார்கள். அங்கிருந்து 187ஆம் இலக்க பஸ் கொழும்பு கோட்டைக்குப் போகும். கையில் ஒரு பை மட்டும் இருந்தால் கொழும்புக்குப் போகாமலே நீர்கொழும்புப் பக்கமிருந்து குருநாகலுக்கு பஸ் எடுத்து, அங்கே திருமலை பஸ்ஸைப் பிடிக்கலாம். நேரம் மிச்சம்தான். ஆனால் பஸ் கொழும்பிலேயே நிரம்பி வந்தால் தம்புள்ளை வரைக்கும் நின்றுகொண்டு வர வேண்டியிருக்கும். குழந்தைகளோடு வருபவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இன்னும் இரண்டு வாசல் உண்டு. சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு விமானம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. கடல் கொந்தளித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். ஆகவே திரும்புகிற நாளுக்கும் வேலைக்குப் போகிற நாளுக்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாகத் திருமலைக்கு நேரடி பஸ் இருக்கிறது. காலையில் ஏறினால் பின்னேரத்துக்குள் வந்துவிடலாம். கொழும்புக்குப் போய்ச் சுற்றி வர வேண்டியதில்லை.

சீனக்குடாவில் விமானப்படைத் தளத்தோடு சேர்ந்த ஒரு விமான நிலையமும் இருக்கிறது. சிறிய விமானத்தில் வந்து இறங்குவோர் உண்டு. காசு இருப்பவர்களின் கதை அது, நான் ஏறியதில்லை.

2. ரயிலா, பஸ்ஸா

என் ஓட்டு இரவு ரயிலுக்கு.

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து இரவில் கிளம்பி விடியற்காலையில் திருமலைக்கு வந்து சேரும் வண்டி அது. இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "கோட்டை" என்றால் கொழும்பில் ரயில் நிலையம் இருக்கிற இடம். கோட்டே என்பது வேறு, அது பாராளுமன்றம் இருக்கிற ஊர். திருமலையில் கோட்டை என்றால் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கும் பிரெட்ரிக் கோட்டை. கொழும்பில் ஓட்டோ ஏறும்போது "கோட்டை ஸ்டேஷன்" என்று இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வண்டி மாகோ சந்தியில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து கிழக்கே திரும்பும். கல் ஓயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை ஒருபுறம் போக, நம் வண்டி திருமலைப் பக்கம் வரும். அந்தப் பகுதி யானைக்காடு. 2025 பெப்ரவரியில் அங்கே ஒரு பயணிகள் ரயில் யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்துப்போயின. அதனால் இருட்டுக்குள் வண்டி ஊர்ந்து போனாலோ, காரணமில்லாமல் நின்றாலோ எரிச்சல்படாமல் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள். கந்தளாய் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிடும். தம்பலகாமத்து வயல்களில் கொக்குகள் நிற்பது தெரிந்தால் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம்.

முன்பதிவு பயணத்துக்கு 30 நாள் முன்பாகத் திறக்கும். ரயில்வே திணைக்களத்தின் இணையத்தளத்திலேயே எடுக்கலாம், பெரிய நிலையங்களின் கவுண்டரிலும் எடுக்கலாம். வெளிநாட்டவர் கடவுச்சீட்டு இலக்கம் கொடுக்க வேண்டும். அதே கடவுச்சீட்டை ரயிலில் கையில் வைத்திருங்கள், பெட்டிக்குள் பூட்டிவிடாதீர்கள். சித்திரைப் புத்தாண்டு, நீண்ட வார இறுதி, பௌர்ணமி விடுமுறை நாட்களில் இருக்கைகள் திறந்த அன்றே முடிந்துவிடும். முன்பதிவு இல்லாத மூன்றாம் வகுப்பில் ஏறலாம்தான். ஆனால் கழிவறை வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்து எட்டு மணி நேரம் வருவது இளந்தாரிகளுக்குத்தான் சரிவரும். நேர அட்டவணையை கிளம்பும் வாரத்தில் இன்னொரு முறை பாருங்கள். மழை வெள்ளத்தால் பாதை கெட்டுப்போனால் சேவை மாறும்.

பஸ் என்றால் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து 49ஆம் இலக்கம். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வரும். சிவப்பு பஸ் இலங்கைப் போக்குவரத்துச் சபையுடையது. நாங்கள் இன்னும் சிடிபி என்றுதான் சொல்வோம். மற்றவை தனியார். சிடிபி சாரதி ஓரளவு நிதானமானவர். தனியார் சாரதிக்கு முன்னால் போகிற பஸ்தான் எதிரி. குளிரூட்டிய பஸ்ஸுக்குக் காசு கூட, ஆனால் வியர்வையில் குளிக்காமல் வரலாம். பலகையில் மூன்று மொழியிலும் ஊர்ப் பெயர் இருக்கும். கொழும்பில் நடத்துநர் கூவுவது "திரிகுணாமலய" என்றோ "ட்ரிங்கோ" என்றோ இருக்கும். இரண்டும் நம் ஊர்தான். முன்வரிசையில் மதகுருமாருக்கு ஒதுக்கிய இருக்கையில் உட்காராதீர்கள். ஒரு பிக்கு ஏறினால் பாதி வழியில் எழும்ப வேண்டி வரும்.

தம்புள்ளை, சீகிரியா பார்த்துவிட்டு வருபவர்கள் கொழும்புக்குத் திரும்பத் தேவையில்லை. ஹபரணைச் சந்தியில் நின்றால் திருமலை பஸ் வரும். கண்டியிலிருந்தும் நேரடி பஸ் உண்டு. ஆனால் ஹபரணையில் இருட்டிய பிறகு ஒதுக்குப்புறமாக நிற்காதீர்கள். அந்த வீதியில் யானை வரும் என்பது சுற்றுலாக்காரருக்காகச் சொல்கிற கதை அல்ல. கடைப்பக்கமாக, வெளிச்சத்தில் நில்லுங்கள்.

வான் வாடகைக்குப் பிடித்து வருவது ஐந்தாறு பேருக்குக் கட்டுப்படியாகும். பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: சாரதியின் சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், வெறும் வண்டியாகத் திரும்புகிற செலவு விலைக்குள் அடக்கமா. என் நண்பர் ஒருவர் மூன்றாவதைக் கேட்க மறந்து, கடைசி நாளில் பாதி வாடகையை மறுபடி கட்டினார்.

3. இறங்கியதும் என்ன செய்வது

விடியற்காலையில் ரயிலால் இறங்கினால் முதலில் ஒரு பிளேன்டீ குடியுங்கள். அவசரம் இல்லை. நிலையத்து வாசலிலோ பஸ் நிலையப் பக்கமோ புள்ளிமான் ஒன்று பழத்தோலைத் தின்றுகொண்டு நின்றால் திடுக்கிட வேண்டாம். ஊருக்குள் மான் திரிவது எங்களுக்கு மாடு திரிவது போல. படம் எடுங்கள், பிஸ்கட் கொடுக்காதீர்கள். அது உங்கள் பையையும் மோந்து பார்க்கும். என் மருமகனின் டிக்கெட்டில் ஒரு மூலை இன்றும் இல்லை.

அப்புறம் ஓட்டோ. ஆட்டோ என்று சொன்னாலும் விளங்கும், முச்சக்கரவண்டி என்பது பத்திரிகைத் தமிழ். கொழும்பில் செயலியில் வண்டி கூப்பிட்டுப் பழகியவர்கள் இங்கே அதையே நம்பி நிற்க வேண்டாம். மீட்டர் போட்டால் நல்லது, போடாவிட்டால் ஏறுவதற்கு முன்பே பேசுங்கள். பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணை, உப்புவெளிக்கு எவ்வளவு?"

"எத்தினையாம் கட்டை?"

இந்தக் கேள்வியில்தான் புதியவர்கள் முழிப்பார்கள். கட்டை என்றால் மைல்கல். வீதிக் கற்கள் கிலோமீட்டருக்கு மாறி எவ்வளவோ காலமாகியும் எங்கள் வாய் இன்னும் மைலில்தான் கணக்குப் போடுகிறது. நிலாவெளி வீதியில் கடற்கரை விடுதிகள் எல்லாமே "இத்தனையாம் கட்டையடி" என்றுதான் அடையாளம் சொல்லப்படும். ஒரு கட்டை என்பது 1.6 கிலோமீட்டர். பத்தாம் கட்டை என்றால் 16 கிலோமீட்டர் என்று மனதுக்குள் பெருக்கிக்கொள்ளுங்கள், விலை நியாயமா என்று தெரிந்துவிடும். தங்குமிடத்தை பதிவு செய்யும்போதே "எத்தனையாம் கட்டை, எந்தச் சந்தி" என்று கேட்டு எழுதி வையுங்கள். மேப்பில் குத்தியிருக்கிற புள்ளியைவிட அது உதவும்.

விலை பேசும்போது தமிழ் தெரிந்திருப்பது கொஞ்சம் உதவும். ரொம்ப இல்லை. "தம்பி, நாங்கள் ஊர்க்காரர்தான்" என்று சொல்லிப் பார்த்த என் அக்காவிடம், "அப்ப உங்களுக்கு விலை தெரியுமே அக்கா" என்றான் ஒரு பெடியன்.

4. ஊருக்குள்ளும் சுற்றிலும்

கோணேசர் கோயிலுக்குக் காலையில் நடந்தே போகலாம். கோட்டை வாசலால் நுழைந்து மேலேறும் வழி. வெயில் ஏறிய பிறகு முதியவர்களை நடக்க விடாதீர்கள், ஓட்டோ கோயிலடி வரைக்கும் போகும். செருப்பைக் கழற்றிய பிறகு சூடான தரையில் துள்ளுவதைத் தவிர்க்க ஒரே வழி, காலை ஏழு மணிக்கே போய்விடுவது.

வடக்கே உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை எல்லாம் ஒரே வீதியில். பஸ் நிலையத்தில் நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, புல்மோட்டை என்று பெயர் போட்ட எந்த பஸ்ஸிலும் உப்புவெளிக்குப் போகலாம். டிக்கெட் காசு சொற்பம். ஆனால் 5000 ரூபாய்த் தாளை நீட்டாதீர்கள். நடத்துநர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார், அதற்குப் பிறகு பஸ் முழுக்கப் பார்க்கும். இருபது, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.

இந்த வீதியில்தான் நான் தலைப்பில் சொன்னது வேலைக்கு வரும். பின்னேரம் கடலில் குளித்துவிட்டு வீதிக்கு வந்து நிற்பவர்கள், காலையில் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகத் தெரிந்த பஸ்ஸை அரை மணி நேரமாகத் தேடுவார்கள். இருட்டினால் அதுவும் இல்லை. காலையில் இறங்கும்போதே நடத்துநரிடம் கேளுங்கள்: "அண்ணை, டவுனுக்குத் திரும்ப கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" அவர் சொல்கிற நேரத்துக்கு அரை மணி முன்பாகவே வீதிக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பெருநாளும் என்றால் ஒரு மணி நேரம்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் அனுராதபுர வீதிப் பக்கம். அந்தப் பக்கம் போகிற பஸ் சந்தியில் இறக்கிவிடும், உள்ளே நடை. போகவர ஓட்டோவே பேசிக்கொள்வது சுகம். காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்து ஒரே விலையாகப் பேசுங்கள். தலையில் ஊற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள், பிள்ளைகள் ஒவ்வொரு கிணற்றுச் சூட்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வரமாட்டார்கள்.

தெற்கே கிண்ணியா, மூதூர், வெருகல். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் போவது என்றால் ஒரு நாள் போய்விடும். துறைக்குத் துறை "பாதை"க்காகக் காத்திருக்க வேண்டும். பாதை என்பது இங்கே சாலை மட்டுமல்ல, வாகனத்தையும் ஆளையும் ஏற்றி ஆற்றைக் கடக்கிற மிதவைக்கும் அதுதான் பெயர். 2009இல் 396 மீட்டர் நீளமான கிண்ணியாப் பாலமும், 2011இல் இறால்குழி, கங்கை, பனிச்சங்கேணி முதலிய பாலங்களும் திறந்த பிறகு ஏ15 வீதி மட்டக்களப்பு வரைக்கும் ஒரே ஓட்டமாகிவிட்டது. மட்டக்களப்புக்குப் போகிறவர்கள் ஏறுமுன் "வெருகல், வாகரை வழியா?" என்று கேளுங்கள். ஹபரணை, பொலன்னறுவை சுற்றிப் போகிற பஸ்ஸில் ஏறினால் நேரமும் காசும் கூட.

5. படகு

நிலாவெளிக்கு எதிரே கடலுக்குள் புறாமலைத் தீவு. 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. நுழைவுச் சீட்டு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு, வாடகை படகுக்காரருக்கு. இரண்டும் வேறு வேறு. வெளிநாட்டவருக்குச் சீட்டு விலை அதிகம். படகு வாடகை ஆளுக்கு அல்ல, படகுக்கு. ஆகவே இருவராகப் போனால் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள். கடற்கரையில் அறிமுகமாகிக்கொள்ள இதைவிட நல்ல சாட்டு இல்லை. காலை எட்டு மணிக்குள் ஏறினால் தண்ணீர் தெளிவாக இருக்கும், ஆட்களும் குறைவு. தீவின் கரையெல்லாம் உடைந்த பவளம். செருப்பில்லாமல் நடந்தால் பாதம் தெரிந்துகொள்ளும். தண்ணீருக்குள் உயிருள்ள பவளத்தின் மேல் மட்டும் கால் வைக்காதீர்கள்.

எத்தனை மணிக்குத் திரும்ப வந்து ஏற்றுவார் என்று படகுக்காரரிடம் தெளிவாகப் பேசி, அவருடைய போன் இலக்கத்தை வாங்கிக்கொண்டு இறங்குங்கள். முழுக் காசையும் திரும்பிய பிறகு கொடுங்கள்.

உயிர்காப்பு அங்கி போடாமல் ஏறாதீர்கள். "பக்கத்திலதானே" என்று சிரிப்பார்கள். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்ததும் பக்கத்துக் கரைக்குப் போகிற வழியில்தான். சின்னத் தண்ணீர் என்று எதையும் நாங்கள் இப்போது சொல்வதில்லை.

6. எந்தக் காலம்

சித்திரை முடிந்து புரட்டாசி வரை கச்சான் காலம். கச்சான் என்றால் தமிழ்நாட்டார் நிலக்கடலையை நினைப்பார்கள். அதுவும் கச்சான்தான், ஆனால் இது தென்மேற்கிலிருந்து தரை வழியாகச் சூடாக வீசும் காற்று. அப்போது எங்கள் பக்கக் கடல் குளம் போலக் கிடக்கும், படகுப் பயணத்துக்கு அதுதான் காலம். கொழும்பில் அப்போது மழை கொட்டும். அதைப் பார்த்துவிட்டுத் திருமலைப் பயணத்தை ரத்து செய்பவர்கள் உண்டு. பாவம். ஐப்பசியிலிருந்து தை வரை வாடை. கடல் எழும்பும், படகு ஓடாது, தாழ்ந்த வீதிகளில் வெள்ளம் ஏறும். அந்தக் காலத்தில் வந்தால் கோயிலும் கோட்டையும் போதும் என்று முடிவெடுத்து வாருங்கள்.

7. நீங்களே ஓட்டுவது

உப்புவெளிப் பக்கம் ஸ்கூட்டரும் சைக்கிளும் வாடகைக்குக் கிடைக்கும். சைக்கிள் எடுங்கள், வீதி மட்டமானது. ஸ்கூட்டர் என்றால் உங்கள் நாட்டு உரிமம் மட்டும் போதாது. இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதியோ அங்கீகாரமோ வேண்டும். பொலிஸ் மறிப்பதைவிடப் பெரிய பிரச்சினை, விபத்து நடந்தால் காப்புறுதி கைவிரித்துவிடும். பின்னால் உட்கார்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். வண்டியை எடுக்கும்போது சுற்றிவர ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். பழைய கீறலுக்கு நான் ஒருமுறை காசு கட்டியிருக்கிறேன். சூரியன் இறங்கிய பிறகு கந்தளாய்ப் பக்கம் ஸ்கூட்டரில் போகாதீர்கள். காரணம் மேலே சொல்லிவிட்டேன், அதற்குத் துதிக்கை இருக்கிறது.

8. புறப்படும் நாள்

கொழும்புக்குத் திரும்பும் இரவு ரயில் பொழுது படுகிற நேரத்தில் இங்கிருந்து கிளம்பும். அன்றைக்கு மத்தியானத்துக்குப் பிறகு நிலாவெளிக்கோ கிண்ணியாவுக்கோ போக வேண்டாம், ஊருக்குள்ளேயே இருங்கள். அதிகாலை விமானம் இருப்பவர்கள் அதே இரவு ரயிலை நம்ப வேண்டாம், ஒரு நாள் முன்பாகவே கொழும்புப் பக்கம் போய்விடுங்கள். ரயிலில் சாப்பாடு கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். நிலையத்துக்கு வரும் வழியில் இடியப்பமும் சம்பலும் பார்சல் கட்டிக்கொள்ளுங்கள், சொதியைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். என் மருமகன் சேர்த்துக் கட்டி வாங்கி, கல் ஓயா வரும்போது கடவுச்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.